ஏழு வருடக் காப்பும் பிறவிக் கோளாறும்: பவர்ஷிஃப்ட் கார்களின் கதை

பழைய சின்னக் கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அதிகம் கேட்கும் வாக்கியம், "வண்டிக்கு வயசாயிடுச்சு சார்." பல நேரம் அது நியாயமான பதில்தான். ரப்பர் புஷ் வெடிக்கும், ரேடியேட்டர் அடைக்கும், ஏசி காயில் ஒழுகும். ஓடிய கிலோமீட்டருக்கு வண்டி கேட்கும் கூலி அது. ஆனால் ஷோரூமிலிருந்து வெளியே வந்த அன்றே உள்ளே இருந்த கோளாறுக்கும் அதே பதிலைச் சொல்லும்போது, தயாரித்தவர் ஏற்க வேண்டிய செலவு ஓட்டுபவர் தலையில் வந்து விழுகிறது. தேய்மானத்தையும் பிறவிக் கோளாறையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் பழைய கார் நம் பணத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்ள ஃபோர்டின் ஃபோகஸ், ஃபியஸ்டா கார்களில் வந்த 'பவர்ஷிஃப்ட்' தானியங்கி கியர்பாக்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து என்று மூன்று நாட்டு நீதிமன்றங்களில் அலசப்பட்டதால், வழக்கமாக நிறுவனத்தின் கோப்புக்குள்ளேயே கிடந்துவிடும் விஷயங்கள் இதில் வெளியே வந்துவிட்டன. நம்மூருக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 2013 ஜூனில் விற்பனைக்கு வந்த ஈகோஸ்போர்ட்டின் 1.5 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது பவர்ஷிஃப்ட்தான். அந்தக் கார் செய்யப்பட்டது மறைமலைநகரில். 2015-ல் வந்த ஃபிகோ, ஆஸ்பயர் 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார்களிலும் பவர்ஷிஃப்ட்தான். இன்று அவை எல்லாம் பத்து வயதை ஒட்டியும் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கதை தொடங்குவது 2008-ல். பெட்ரோல் அமெரிக்காவில் ஒரு கேலன் 4 டாலரைத் தொட்டது. பெரிய வண்டிகளை நம்பியிருந்த ஃபோர்டு, உலகம் முழுவதும் ஒரே மாதிரி விற்கக்கூடிய சின்னக் கார்கள் பக்கம் திரும்பியது. மிச்சிகன் மாநிலம் வெய்ன் நகரில் எஸ்யூவி செய்துகொண்டிருந்த ஆலையை ஃபோகஸுக்காக மாற்றினார்கள். சின்னக் காரை விற்க மைலேஜ் வேண்டும்; அமெரிக்கர்களுக்கோ ஆட்டோமேட்டிக் இல்லாமல் முடியாது. இரண்டையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லி, பவர்ஷிஃப்ட் என்ற பெயரில் வந்த கியர்பாக்ஸ்தான் டிபிஎஸ்-6. அமெரிக்காவில் 2011 மாடல் ஃபியஸ்டாவிலும் 2012 மாடல் ஃபோகஸிலும் அறிமுகமாகி, 2016 மாடல்கள் வரை வழக்குகளின் பட்டியலில் இடம்பெற்றது.

அதன் வேலைமுறையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். உள்ளே ஆயில் சுழன்று சக்தியைக் கடத்துவதால் வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பும். அந்த வழுக்கலில் கொஞ்சம் எரிபொருள் வீணாகும். டிபிஎஸ்-6-ல் டார்க் கன்வெர்ட்டர் இல்லை. மேனுவல் வண்டியில் இருப்பது போன்ற கிளட்ச் இரண்டு. 1, 3, 5 கியர்களை ஒரு கிளட்ச் பிடிக்கும். 2, 4, 6 கியர்களை இன்னொன்று. ஒன்று விடும்போதே மற்றது பிடிக்கும். நம் இடது கால் செய்யும் வேலையை மின் மோட்டார்கள் செய்கின்றன; எப்போது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று சொல்வது டிசிஎம் எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி. கிளட்ச் இரண்டும் உலர் வகை, அதாவது ஆயிலில் நனையாதவை. ஆயில் பம்ப் தேவையில்லை, எடை குறைவு, மைலேஜ் கூடும். (ஃபோர்டின் வெளிநாட்டு டீசல் கார்கள் சிலவற்றில் பவர்ஷிஃப்ட் என்ற அதே பெயரில் ஆயிலில் நனையும் ஈர கிளட்ச் வகை இருந்தது. பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

யோசனையாக இது நன்றாகவே இருக்கிறது. சறுக்கியது வேறு இடத்தில். உலர் கிளட்ச் என்றால் அது கடைசிவரை உலர்ந்தே இருந்தாக வேண்டும். டிபிஎஸ்-6-ல் கியர்பாக்ஸிலிருந்து கிளட்ச் பக்கம் நீளும் இன்புட் ஷாஃப்ட்டின் ஆயில் சீல்கள் கசிந்தன. கசிந்த ஆயில் கிளட்ச் தகட்டில் படிந்தது. எண்ணெய்க் கையோடு பித்தளைக் குடம் தூக்கினால் எப்படியோ, அப்படித்தான் அதன் பிறகு பிடிமானம்: பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். ஒரே விநாடிக்குள் இது பலமுறை நடந்தால் ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் உதறலாகத் தெரியும்.

சீல் கசியாத வண்டியிலும் உதறல் வந்தது என்பதுதான் விஷயத்தைச் சிக்கலாக்கியது. கிளட்ச் தகட்டில் ஒட்டியிருந்த உராய்வுப் பொருளே சரியில்லை. பின்னால் அதை மாற்ற வேண்டியதாயிற்று. இன்னும் ஆழமான காரணமும் இருந்தது. இன்ஜின் சுழற்சியில் இயல்பாக எழும் முறுக்கு அதிர்வுகளை டார்க் கன்வெர்ட்டர் விழுங்கிவிடும். அது இல்லாத இந்த அமைப்பில் அந்த அதிர்வுகளை அடக்கப் போதுமான ஏற்பாடு இல்லை. உதிரிப் பாகத்தை எத்தனை முறை மாற்றினாலும் வடிவமைப்பில் உள்ள குறை அங்கேயேதான் இருக்கும். பாகத்தில் உள்ள கோளாறு வேறு, கட்டமைப்பில் உள்ள கோளாறு வேறு என்று ஆஸ்திரேலிய நீதிமன்றம் பிற்பாடு தனித்தனியாகப் பிரித்துச் சொன்னது. இந்த விவகாரத்தில் எழுதப்பட்டவற்றுள் ஓட்டுநருக்கு மிகவும் பயன்படும் பகுதி அதுதான் என்பேன்.

வண்டிக்குள் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? சிக்னல் பச்சையாகிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி அரை விநாடி தயங்குகிறது. மெல்ல ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மணிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டாவது கியருக்குப் போகும் இடத்தில், கதவுத் தகடு வரைக்கும் ஒரு நடுக்கம். 40-ஐத் தாண்டினால் ஒன்றுமே நடக்காதது போல வண்டி சீராக ஓடுகிறது. நெடுஞ்சாலையில் குறையே சொல்ல முடியாது. காலையில் குளிர்ந்த வண்டியில் உதறல் இல்லை. ஒரு மணி நேர நெரிசலுக்குப் பிறகு வருகிறது. சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் நிறுத்தினால், ஆறிப்போன வண்டியைக் காலிச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். உதறலைவிட அந்தப் பதில்தான் உரிமையாளர்களை அதிகம் நோகடித்தது என்று நினைக்கிறேன். தன் கையில் உணர்ந்ததை நம்பலாமா கூடாதா என்ற சந்தேகத்தை அது கிளப்பிவிடுகிறது.

அமெரிக்க டீலர்களுக்கு ஃபோர்டு அனுப்பிய தொழில்நுட்பக் குறிப்பில் இதற்கு ஓர் அளவுகோல் இருந்தது. ஸ்கேனரை மாட்டி வண்டியை ஓட்டி, கிளட்ச் உதறும்போது சுழற்சி வேகம் எவ்வளவு மேலும் கீழும் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆட்டம் 250 ஆர்பிஎம்மை எட்டினால் கிளட்ச் மாற்றலாம். அதற்குக் கீழே என்றால் அது இந்தக் கியர்பாக்ஸின் இயல்பு. 240 காட்டிய வண்டிக்காரர் என்ன செய்வார்? வீட்டுக்குப் போய் அது 250 ஆகும்வரை ஓட்டுவார். ஒரு எல்லைக்கோடு இல்லாமல் வாரண்டி வேலை நடத்த முடியாது என்பது புரிகிறது. ஆனால் கோளாறின் மூலம் ஆயில் கசிவு என்று தெரிந்த பிறகும் அதன் அறிகுறியை மட்டும் அளந்துகொண்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் சில வருடங்கள் பெரும்பாலும் மென்பொருளிலேயே போயின. டிசிஎம்முக்குப் புது நிரல் ஏற்றுவார்கள்; கிளட்ச் பிடிக்கும் புள்ளியை மறுபடி கற்றுக்கொள்ளச் செய்வார்கள். சில வாரம் நன்றாக இருக்கும். பிறகு பழையபடி. ஆயில் படிந்த தகட்டை நிரலால் துடைக்க முடியாதே. அடுத்த கட்டமாகக் கிளட்ச்சை மாற்றினார்கள். பழைய வகை சீல் அப்படியே இருந்த வண்டிகளில் புதுக் கிளட்ச்சும் நாளடைவில் நனைந்தது.

கிளட்ச் கதை இப்படி என்றால் டிசிஎம் கதை தனி. கியர்பாக்ஸ் உடம்பிலேயே பொருத்தப்பட்ட பெட்டி அது; இன்ஜின் அறையின் வெப்பமும் அதிர்வும் அதற்கு ஓயாது. உள்ளே இருந்த ஒரு சிப்பின் சால்டரிங்கில் மயிரிழை விரிசல் விழுந்தது. சூடானால் தொடர்பு விடும், ஆறினால் ஒட்டும். இதன் அறிகுறி உதறல் கிடையாது. வண்டி திடீரென்று இழுக்காமல் போகும், ரிவர்ஸ் விழாது, அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பினால் எதுவும் நடக்காதது போல ஓடும். யு0101, பி0902 போன்ற பிழைக் குறியீடுகள் ஸ்கேனரில் பதிவாகியிருந்தால் பார்வை போக வேண்டிய இடம் டிசிஎம். உதறலை ஒருவர் சகித்துக்கொண்டு ஓட்டலாம். சந்திப்பின் நடுவில் வண்டி உயிரை விடுவதை யாரும் சகிக்கக் கூடாது. அது உயிர்ப் பிரச்சினை.

2014-ல் ஃபோர்டு அமெரிக்காவில் வாரண்டியை நீட்டியது. கிளட்ச்சுக்கும் இன்புட் ஷாஃப்ட் சீலுக்கும் 7 வருடம் அல்லது 1 லட்சம் மைல். டிசிஎம்முக்கு 10 வருடம் அல்லது 1.5 லட்சம் மைல். இந்தக் கிளட்ச் உதறலுக்காக ரீகால், அதாவது விற்ற கார்களை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வது, மட்டும் கடைசிவரை அங்கே வரவில்லை. நீட்டிப்பு பலருக்கு உதவியது என்பதை மறுக்க முடியாது. அதே நேரத்தில், 2024 கணக்குப்படி அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் சராசரி வயது 12.6 வருடம். ஏழு வருடக் காப்பு முடிந்த பிறகும் ஒரு சாதாரண காருக்குப் பாதி ஆயுள் பாக்கி இருக்கிறது. அந்த வயதில் இத்தகைய கார் இருப்பது யார் கையில்? இரண்டாவது, மூன்றாவது உரிமையாளரிடம். கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம், புதுக் கார் வாங்க வசதியில்லாத குடும்பத்திடம். ஏழாம் வருடம் முடியும்வரை 'தெரிந்த குறை' என்று இலவசமாகச் சரிசெய்யப்பட்ட அதே பாகம், எட்டாம் வருடம் 'வயசான வண்டி' என்ற பெயரில் முழு பில்லோடு வருகிறது. பாகம் மாறவில்லை, குறை மாறவில்லை. பில் கட்டுபவர் மட்டும் மாறிவிட்டார். இந்த வழக்கில் எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் இதுதான்.

நீதிமன்றப் பக்கம் வருவோம். அமெரிக்காவில் 2012-லேயே கலிஃபோர்னியாவில் கூட்டு வழக்கு தொடுக்கப்பட்டது. 2017-ல் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. போதாது என்று ஆட்சேபித்தவர்கள் மேல்முறையீடு செய்ய, 2019 செப்டம்பரில் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலையில், 'டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்' நாளிதழ் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வைத்து ஒரு நீண்ட புலனாய்வை வெளியிட்டிருந்தது: சந்தைக்கு வரும் முன்பே பொறியாளர்கள் எச்சரித்திருந்தார்கள் என்பது அதன் சாரம். திருத்திய சமரசம் 2020-ல் இறுதியானது. குறைந்தது 3 கோடி டாலர் தர ஃபோர்டு ஒப்புக்கொண்டது.

அந்தச் சமரசத்தின் கணக்கு முறையைக் கவனியுங்கள். பணம் கிடைத்தது சர்வீஸ் சென்டருக்குப் போன எண்ணிக்கையின் அடிப்படையில். கியர்பாக்ஸ் பாகம் மாற்ற மூன்றாவது தடவை போயிருந்தால் 200 டாலர். அடுத்தடுத்த தடவைகளுக்குத் தொகை ஏறும். எல்லாம் சேர்த்து உச்சவரம்பு 2,325 டாலர். மென்பொருள் ஏற்றப் போன தடவைகளுக்குத் தலா 50 டாலர், அதற்கும் ஒரு வரம்பு. ஆக, வேலைச் சீட்டு கையில் வைத்திருந்தவருக்குப் பணம். உதறலைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவருக்கும், "நார்மல் சார்" என்ற வாய்வார்த்தையோடு சீட்டு எழுதாமல் திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் காட்ட ஒன்றுமில்லை.

ஆஸ்திரேலியாவில் விஷயம் இன்னும் வெளிப்படையாகப் போனது. அங்கே வழக்கு போட்டது அரசின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம். 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. விதித்தது கியர்பாக்ஸ் கெட்டதற்காக என்று நினைத்துவிடக் கூடாது. 2015 மே முதல் 2016 பிப்ரவரி வரை வந்த புகார்களைக் கையாண்ட விதம் மனசாட்சிக்கு ஒவ்வாதது என்பதற்காக. குறை இருப்பது தெரிந்தும், உதறலுக்குக் காரணம் நீங்கள் ஓட்டும் முறைதான் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அங்கே விற்ற சுமார் 70,000 பவர்ஷிஃப்ட் கார்களில் ஏறத்தாழ பாதி ஒரு தடவையாவது அது தொடர்பான பழுதுக்கு வந்திருந்தன. அத்தனை பேருக்குமா ஓட்டத் தெரியவில்லை? பிறகு உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில், 2021-ல் நீதிபதி பெர்ராம் இந்தக் கார்கள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று தீர்ப்பளித்தார். மதிப்பிழப்பை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான ஹைகோர்ட் வரை போய், 2024 நவம்பரில் அங்கே தீர்ப்பு வந்தது. தாய்லாந்தில் 2018-ல் உரிமையாளர்கள் சுமார் 300 பேர் சேர்ந்து வழக்காடி இழப்பீடு பெற்றார்கள்.

நம் நாட்டில் இந்தக் கதைக்கு வேறு முடிவு. 2017 நவம்பரில் வந்த புது ஈகோஸ்போர்ட்டில் பவர்ஷிஃப்டை விட்டுவிட்டு டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்குக்கு மாறினார்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலைநகர் ஆலை அடங்கியது. சர்வீஸும் உதிரிப் பாகமும் தொடர்கின்றன. ஆனாலும் டீலர் எண்ணிக்கை சுருங்கிய நிலையில், பவர்ஷிஃப்ட் வைத்திருப்பவர் ஊரில் அதைப் பிரிக்கத் தெரிந்த கை எது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. இந்த இரட்டைக் கிளட்ச்சைச் சாதாரண கிளட்ச் போலக் கழற்றி மாட்ட முடியாது. அதற்கென்று கருவி உண்டு, மாட்டிய பிறகு ஸ்கேனர் வைத்துப் பிடிப்புப் புள்ளியைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். "கிளட்ச் தானே, போட்டுடலாம்" என்பவரிடம் வண்டியை விட வேண்டாம். கிளட்ச் மாற்றுவதாக இருந்தால் இன்புட் ஷாஃப்ட் சீல்களையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பெட்டி பிரிந்திருக்கும்போது சீலுக்குத் தனிக் கூலி பெரிதாக ஆகாது, பிறகு ஆகும்.

ஓட்டும் முறை காரணம் என்று சொன்னது தவறு. ஆனால் ஓட்டும் முறையால் இந்தக் கிளட்ச்சின் ஆயுளை நீட்ட முடியும் என்பது உண்மை. இரண்டும் வேறு வேறு. பிரேக்கை முழுதாக அழுத்தி நின்றால் கிளட்ச் விலகி ஓய்வெடுக்கும். அரைப் பிரேக்கில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் அது தேய்ந்து சூடாகும். கத்திப்பாரா, பெருங்களத்தூர் நெரிசலில் முன்வண்டி நகர்ந்த உடனே ஒட்டிக்கொண்டு போகாமல், இரண்டு கார் நீளம் இடம் விழட்டும் என்று நின்று, பிறகு தயங்காமல் கிளம்புங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இதற்கு விஷம். பிரேக்கால்தான் நிறுத்த வேண்டும். பேட்டரி பலவீனமானால் டிசிஎம் கிறுக்குத்தனம் செய்யும் என்பதால் பேட்டரி முனை, எர்த் கம்பி இரண்டும் சுத்தமாக இருக்கட்டும். டிசிஎம்முக்குப் பெரிய தொகை சொல்லப்பட்டால், ஒப்புக்கொள்ளும் முன் இந்த இரண்டையும் சோதிக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

பழைய கார் சந்தையில் ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக் விலை சகாயமாகக் கிடைக்கும். உடம்பு உறுதியான வண்டி, ஓட்ட இனிமையானது. வாங்குவதானால் முதலில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், 2017 நவம்பருக்கு முந்தையதா பிந்தையதா என்று. முந்தையது என்றால் விற்பவர் வீட்டு வாசலில் ஆறி நிற்கும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சாயங்கால நெரிசலில் முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். 15-லிருந்து 25 வரை, லேசாக மிதித்து, பலமுறை. ரிவர்ஸில் ஒரு சின்ன ஏற்றம் ஏற்றிப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, சூடு ஆறும் முன் மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். கிளட்ச் எந்தக் கிலோமீட்டரில் மாறியது, கூடவே சீல் மாறியதா, டிசிஎம் மாறியதா என்று தேதியோடு பில் காட்டும் வண்டிக்குப் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம். "ஒரு பிரச்சினையும் வந்ததில்ல, பில் எல்லாம் எங்கயோ இருக்கு" என்று சொல்லப்படும் வண்டிக்கு, கிளட்ச், சீல், டிசிஎம் மூன்றும் இன்னும் மாற்றப்படவில்லை என்றே கணக்கு வைத்து, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.